பதினொரு பேர் வந்த படகு

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொன்னார்கள். பேச ஆரம்பித்தால் நான் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். அதனால் எழுதியே கொடுத்துவிட்டேன். கள்ளப் படகை எப்படி மடக்குவது, பத்திரங்களை எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றி. அன்றைக்கு ஒரு பெண்ணை அவள் பிறந்த ஊரிலிருந்தே வெளியேற்ற நான் கையெழுத்துப் போட்டேன்.

நான் படித்தது ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு வரை. அதற்கப்புறம் ஓடிப்போய்விட்டேன். லாரியில் கிளீனராக இருந்தேன். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். சுமத்ராக் கரையிலிருந்து கருவாடு ஏற்றிவரும் தொங்காங் என்ற சரக்குப் படகில் சமையல் செய்தேன். இரண்டு முறை மலேரியாவில் படுத்தேன், ஒரு முறை லாக்கப்பிலும் படுத்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாங்கியதில்லை. இப்படி அலைந்ததில் கையில் ஒன்றும் தங்கவில்லை, வாயில் மட்டும் நாலைந்து பாஷை தங்கியது. அந்த வாய்க்காகத்தான் மலாக்கா ஆற்றுமுகத்தில், வந்திறங்கும் ஆட்களை விசாரிக்கும் அலுவலகத்தில் என்னை மொழிபெயர்ப்பாளனாக எடுத்தார்கள். ஆறு மாதம் தற்காலிகம், ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் என்றார்கள். முப்பத்திரண்டு வயதில் முதல் முறையாக எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை நான் மலாக்காவுக்கு வந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது.

நாடு சுதந்திரம் வாங்கிய புதிது. யார் குடிமகன், யார் இல்லை என்று வீட்டுக்கு வீடு டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதம் தேடிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில், சுமத்ராவில், சண்டை நடந்துகொண்டிருந்தது. நடுவில் இருக்கும் கடலோ குறுகலானது. நல்ல காற்று இருந்தால் சின்னப் படகிலேயே தாண்டிவிடலாம். ஆட்களைக் கள்ளத்தனமாக ஏற்றிவரும் படகோட்டியைத் தெக்கோங் என்பார்கள். தெக்கோங்குகளுக்கு அப்போது ஓய்வே கிடையாது.

அரசாங்கத்தின் உத்தரவு சுருக்கமானது. கள்ளப் படகில் வந்தவரை விசாரிக்க வேண்டும். இந்த நாட்டுக்காரர் என்று காட்ட முடியாதவரை அடுத்த நீரேற்றத்தில் அதே படகில் திருப்பி அனுப்ப வேண்டும். சந்தேகம் இருந்தாலும் திருப்பித்தான் அனுப்ப வேண்டும். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. கரை திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பது தொங்காங்கில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். நடுக்கடலில் ஆட்களை இறக்கிவிட்டுப் போன தெக்கோங்குகளையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த உத்தரவு, சந்தேகம் என்பது படகில் வந்தவன் மடியில் கட்டிக்கொண்டு வந்த பொருள் என்பதுபோலப் பேசியது. அது விசாரிக்கிறவன் தலைக்குள் இருப்பது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வாரம் இன்னொரு எச்சரிக்கையும் வந்திருந்தது. இங்கே செத்துப்போனவர்களின் பெயரையும் விலாசத்தையும் அங்கே சிலர் விற்கிறார்கள், வாங்கியவர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள் என்று. அதை எனக்குப் படித்துக் காட்டியவர் எங்கள் அதிகாரி. ஜோகூர் பக்கத்து மலாய்க்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர், படித்தவர். அவரும் மலாக்காவுக்குப் புதிது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் புதியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு யார் ஊர்க்காரர் என்று முடிவு செய்துகொண்டிருந்தோம்.

அன்று காலை எங்கள் ரோந்துப் படகு, தஞ்சோங் கிளிங்குக்கு வெளியே ஒரு படகை மடக்கி இழுத்து வந்தது. தெக்கோங்கைத் தவிர அதில் பதினொரு பேர். பத்துப் பேர் சுமத்ராக்காரர்கள். கேட்டதும் ஆமாம் என்றார்கள், அல்லது ஆமாம் என்றதாக நான் எடுத்துக்கொண்டேன். பதினோராவது ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங், கெபாயா. முழங்கால்வரை நனைந்திருந்தாள். நெற்றியில் விபூதி, நடுவில் பொட்டு.

விபூதியைப் பார்த்ததும் அதிகாரி என்னைப் பார்த்தார். "இது உங்க கேசு" என்றார்.

"பேர் என்னம்மா?" என்று தமிழில் கேட்டேன்.

"தெய்வானை."

"எந்த ஊரு?"

அவள் முழித்தாள். மறுபடி கேட்டேன். அவள் அதிகாரியைப் பார்த்து மலாயில் சொன்னாள். இங்கே மலாயில் நடந்த பேச்சையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன். துவான் என்றால் ஐயா.

"நான் காஜா பெராங்குல பொறந்தவ துவான். இங்க இருந்து நடந்தே போயிடலாம். என்னை விட்டா வழி காட்டுறேன்."

"தமிழ்ல சொல்லும்மா," என்றேன்.

"தமிழ் தெரியாது."

"பேரு தெய்வானை, நெத்தியில துன்னூறு, தமிழ் தெரியாதா?"

"தெரியாது. எங்க அம்மாவுக்கும் தெரியாது. நாங்க செட்டிங்க."

செட்டி என்றால் எனக்குத் தெரிந்தது கடைத்தெருச் செட்டியார்கள்தான். அவர்கள் வீட்டுப் பெண் சாரோங் கட்டிக்கொண்டு தெக்கோங் படகில் வருவாளா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கோயிலைப் பற்றிக் கேட்டேன். பூசை, விபூதி, கற்பூரம் என்று நாலைந்து வார்த்தை சரியாகச் சொன்னாள். அதுவே எனக்குப் போதுமான சந்தேகமாக இருந்தது. தமிழே தெரியாதவளுக்கு இந்த வார்த்தைகள் மட்டும் எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பொங்கல் சமயத்துல உங்க வீட்டுல என்ன பண்ணுவீங்க?" என்று மலாயிலேயே கேட்டேன்.

அவள் முகம் தெளிந்தது. தெரிந்த கேள்வி வந்துவிட்டது என்ற தெளிவு. "பர்ச்சு. போகியன்னைக்கு. செத்துப்போன பெரியவங்களுக்கு வாழையிலை போட்டு, அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் வைப்போம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு இலை."

நான் பர்ச்சு என்று கேள்விப்பட்டதே இல்லை. தோட்டத்தில் இல்லை. நான் அலைந்த எந்த ஊர்த் தமிழர் வீட்டிலும் இல்லை. நானும் இந்து, நானும் தமிழன். எனக்குத் தெரியாத ஒன்று தமிழர் வீட்டில் நடக்குமா என்பதுதான் அப்போது என் எண்ணம்.

"எங்கிட்டயே கதை விடுறியா?" என்றேன்.

"கதை இல்ல. எங்க அபாங் அரசாங்கத்துல வேலை பாக்குறாரு. நெலத்துக்குப் படம் வரையிற வேலை. வீடு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால. போய்க் கேளுங்க."

அபாங் என்றால் மலாயில் அண்ணன். அதிகாரி குறுக்கே கேட்டார். "அடையாளக் கார்டு எங்கே?"

"கார்டு குடுக்குறதுக்கு முந்தியே நான் கல்யாணமாகி எதிர்க்கரை பெங்காலிஸ் போயிட்டேன் துவான். ஜப்பான்காரன் போன மறுவருஷம். இப்ப புருஷன் இல்ல, ஊர்ல சண்டை. திரும்பி வரணும்னு அங்க ஆபீசுல கேட்டா, காகிதம் கொண்டான்னு சொல்றாங்க. காகிதம் இருந்தா நான் ஏன் போய்க் கேக்குறேன்?"

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உங்க கருத்து?"

நான் சொன்னேன்: "தமிழ் பேரு வச்சிருக்கு, தமிழ் தெரியலை. தமிழர் வீட்டுல இல்லாத ஒரு பழக்கத்தைச் சொல்லுது. சொல்லிக் குடுத்து அனுப்பின ஆள் மாதிரி இருக்கு துவான்."

அவர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். அடியில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாக என் கருத்து என்று ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். பிற்பகல் மூன்றரை மணிக்கு நீர் ஏறும். பதினொரு பேரையும் தெக்கோங்கோடு ஏற்றி, எங்கள் படகு வெளிக்கடல் வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிடுவதாக முடிவானது.

சாப்பாட்டு நேரம். ரோந்துப் படகின் இன்ஜின்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உஜோங் பாசிர்க்காரர். போர்த்துகீசிய வம்சம். எல்லாரையும் கிண்டல் செய்வார்.

"காலையில அந்தச் செட்டிப் பொம்பளைகிட்ட தமிழ்ல கத்திக்கிட்டு இருந்தீங்களே, அண்ணே. காது கேக்காதவங்ககிட்ட பேசுற மாதிரி. எதுக்கு?"

"தமிழ் தெரியுமான்னு பாத்தேன்."

"செட்டிக்கு எங்க தமிழ் தெரியும்? போர்ச்சுகல் ராசா எப்படி இருக்காருன்னு எங்கிட்ட கேட்டா எனக்குத் தெரியுமா? அவங்க இங்க வந்து நானூறு ஐந்நூறு வருசமாச்சுலா. பேச்சு மலாய், சாமி உங்க சாமி. காஜா பெராங் பூரா அவங்கதானே."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். "பர்ச்சுன்னா என்னா?" என்று கேட்டேன்.

"பெரியவங்களுக்கு இலை போடுறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் செட்டி, எனக்கே பலகாரம் குடுத்துவிடுவாரு. அந்தக் கேக்கு மாதிரி..." என்று அவர் பலகாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார்.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் யாரையும் கேட்டிருக்கலாம். வாசலில் இருந்த பியூன் மலாக்காக்காரர். எதிரே காப்பிக் கடைக்காரர் மலாக்காக்காரர். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம் அது. ஆனால் என்னைத்தான் விஷயம் தெரிந்தவன் என்று நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். உட்கார்ந்தவனுக்குக் கேட்க வாய் வரவில்லை. "எனக்குத் தெரியாது" என்று சொல்லவேண்டிய இடத்தில் "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் உறைத்தது.

அதற்குமேல் நான் உடனே எழுந்து ஓடினேன் என்று எழுதினால் அது பொய். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியை நினைத்தேன். போய்ச் சொன்னால் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஆகும், ஆறு மாதம் முடியக் காத்திருக்காமலே அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உத்தரவே சந்தேகம் இருந்தால் அனுப்பு என்கிறது. அவள் உண்மையாகவே செத்தவள் ஒருத்தியின் பெயரை வாங்கிக்கொண்டு வந்தவளாகவும் இருக்கலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கடைசியில் என்னை எழுப்பியது நல்ல குணம் இல்லை. சாளரத்தின் வழியே அவள் தெரிந்தாள். படகுத்துறையில் மற்றவர்களோடு உட்கார்ந்து, நனைந்த சாரோங்கைப் பிழிந்துகொண்டு, ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமல் என்னால் சாப்பிட முடியவில்லை, பார்த்தும் சாப்பிட முடியவில்லை.

அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"செட்டிங்க தமிழ் பேச மாட்டாங்க. சரி. அதனால அந்த அம்மா செட்டின்னு ஆயிடுமா?"

"ஆகாது துவான்."

"காலையில உங்க பேச்சை நம்பித்தான் படகுல ஏத்துறேன்னு எழுதியிருக்கேன். இப்ப உங்க பேச்சை மட்டும் நம்பி இறக்க முடியாது. அண்ணன்காரன் இருந்தா கூட்டிட்டு வாங்க. சனிக்கிழமை, அரைநாள். வீட்டுலதான் இருப்பாரு. மூணரைக்குக் கயித்தை அவுப்பேன்."

பியூனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். காஜா பெராங்கில் கோயிலைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பின்னால் இருந்த வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம். உள்ளே சுவரில் சாமிப் படங்கள். வாசலில் ஒருவர் பனியன் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், முன்தலை வழுக்கை. நான் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். காலையில் கள்ளப் படகில் தெய்வானை என்று ஒருத்தி வந்திருக்கிறாள், அந்தப் பெயரில் உங்களுக்குத் தங்கை உண்டா என்று கேட்டேன்.

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "இருந்தா. செத்துப்போயிட்டா."

"எப்போ?"

"பெங்காலிஸ் போன படகு முழுகிப்போச்சு. அவ அதுலதான் போனான்னு சொன்னாங்க. பன்னெண்டு வருசம் ஆகுது. ஒரு கடுதாசி வரல. பர்ச்சுக்கு அவளுக்கும் இலை போடுறோம்."

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. காலையில் நான் சொன்னது சரியாகிவிட்டது. செத்தவள் பெயரில் ஒருத்தி வந்திருக்கிறாள். எச்சரிக்கையில் இருந்தபடியே இருக்கிறது. என் நாற்காலி என்னுடையதுதான். "மன்னிச்சிடுங்க," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

பத்தடி போயிருப்பேன். ஏதோ குறைகிறது என்று பட்டது. அந்த மனிதருக்குக் கோபம் வரவில்லை. செத்துப்போன தங்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டு எவளோ ஒருத்தி கள்ளப் படகில் வந்திருக்கிறாள் என்றால் அண்ணன் என்ன செய்வான்? "யார் அவ? அவளுக்கு எவ்வளவு திமிரு?" என்று கத்த வேண்டாமா? இவர் கத்தவில்லை. எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது, அவ்வளவுதான். விசாரணையில் நாம் எப்போதும் ஒருவர் முகத்தில் என்ன இருக்கிறது என்றே பார்க்கிறோம். இருக்கவேண்டியது எது இல்லை என்று பார்க்க நான் கற்றுக்கொண்டது அந்தப் பத்தடியில்தான்.

திரும்பிப் போனேன். அவரிடம் வாதாடவில்லை. வாதாடினால் அவர் வாதாடுவார், மணி ஓடிவிடும். சட்டைப் பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன்.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. உங்க பேரு, வேலை. இந்தப் பேருல வந்திருக்குற பொம்பளை என் தங்கச்சி இல்லன்னு ஒரு வரி. கையெழுத்து. அது போதும், துவான் படகை அனுப்பிடுவாரு."

வாங்கிக்கொண்டார். படம் வரைகிறவர் இல்லையா, எழுத்து அச்சுப்போல விழுந்தது. பெயர் எழுதினார். வேலை எழுதினார். "தெய்வானை" என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து வாசற்படியில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "எழுதுங்க, அபாங்," என்றார். அவர் புருஷனையும் அபாங் என்றுதான் கூப்பிட்டார், மலாய்க்காரர்களைப் போல. "பேரு எழுதத் தெரிஞ்சுது. மிச்சம் எழுதத் தெரியலையா?"

"பார்க்காம எப்படி எழுதுறது?"

"அப்போ போய்ப் பாருங்க."

"பார்த்து, அவளா இருந்தா?" அவர் குரல் இறங்கியது. "கள்ளப் படகுல வந்தவ. எனக்கு இன்னும் குடியுரிமைக் காகிதம் கைக்கு வரலை. அரசாங்க வேலை. உன் தங்கச்சி கள்ளத்தனமா வந்தாளான்னு நாளைக்கு ஆபீசுல கேப்பாங்க. அதுவும் இல்லாம..." நிறுத்திவிட்டார்.

"அதுவும் இல்லாம?"

"உசுரோட இருக்கறவளுக்கு இலை போட்டிருக்கேன்."

மனைவி எண்ணெய்க் குப்பியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "வேலை போனா நான் பலகாரம் சுட்டு விக்கிறேன். நீங்க சைக்கிள்ல கொண்டு போய்ப் போடுங்க. எண்ணெய்தான் இப்பவே விட்டாச்சே. போய் சட்டையை மாட்டுங்க."

அவர் சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை.

இரண்டு சைக்கிளும் படகுத்துறையை அடைந்தபோது மூன்றரை தாண்டிவிட்டது. நீர் மேல்படிவரை ஏறியிருந்தது. பதினொரு பேரும் படகில் உட்கார்ந்திருந்தார்கள். இழுத்துக்கொண்டு போகும் கயிறும் மாட்டியாகிவிட்டது. எங்கள் படகு மட்டும் கிளம்பவில்லை. இன்ஜின்காரர் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "ஏனோ பிடிக்க மாட்டேங்குது துவான். காலையில நல்லாத்தான் இருந்துச்சு." அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வருவதைப் பார்த்ததும் இருவர் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. இன்றுவரை அந்த இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று நான் கேட்டதில்லை.

அண்ணன் படித்துறையின் ஓரம்வரை போனார். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"அபாங்... முடியெல்லாம் எங்க போச்சு?"

அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. தலையைத் தடவிக்கொண்டார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, நேராக நின்றார்.

"இது என் தங்கச்சி துவான்."

"நிச்சயமா? யோசிச்சுச் சொல்லுங்க. இது உங்க வேலைக்கும் வரும்."

"தெரியும் துவான். நான் படம் வரையிறவன். அளந்து பார்க்காம கோடு போட மாட்டேன். என் தங்கச்சிதான்."

அவளைக் கைப்பிடித்து இறக்கினார்கள். உடனே வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைக்காதீர்கள். கள்ளப் படகில் வந்தது குற்றம்தான். பிறப்பைக் காட்டும் காகிதம் தேடிக் கிடைக்கும்வரை இரண்டு வாரம் காவலில் இருந்தாள். அண்ணன் தினமும் வேலை முடிந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். அவருடைய அலுவலகத்தில் விசாரணை நடந்தது. வேலை போகவில்லை, பதவி உயர்வு மட்டும் சில வருடம் தள்ளிப்போனது. என்னைப் பார்த்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது நியாயம்தான். ஒரே ஒரு தடவை, பூட்டைத் திறந்துவிட வந்த காவலரிடம் என்னைக் காட்டி, "அந்த ஆளுக்கு யாராவது மலாக்காவைச் சுத்திக் காட்டுங்க" என்றாள்.

அவளை இறக்கிய கையோடு அதிகாரி என்னை மேசைக்குக் கூப்பிட்டார். காலையில் எழுதிய தாளை வெளியே எடுத்தார். அதைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

"கிழிச்சா, தப்பே நடக்கலைன்னு ஆயிடும்," என்றார். "கீழே சொல்லுங்க, எழுதுறேன்."

"நான் மலாக்காவுக்குப் புதுசு. செட்டிகளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததை இல்லைன்னு சொல்லிட்டேன்."

எழுதினார். அதன் கீழே, கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் அதை ஏற்றது தன் தவறு என்று அவரே ஒரு வரி சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். என் தற்காலிகத்தை இன்னொரு ஆறு மாதம் நீட்டினார். அந்த மனிதரிடம் நான் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். எந்த ஊரிலும் தங்காத நான் மலாக்காவில் தங்கியதற்கு அந்தத் தாள் ஒரு காரணம். தப்பை மறைக்கவும் சொல்லாத, தப்புக்காக விரட்டவும் செய்யாத ஓர் இடத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

இதோடு முடித்திருந்தால் உங்களுக்குக் கேட்க நன்றாக இருந்திருக்கும். ஆனால் அன்று இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

கையெழுத்துப் போட்டு நான் வெளியே வந்தபோது இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. கயிறு விறைத்தது. தெக்கோங் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தண்டனையே அவ்வளவுதான், வந்த வழியே திரும்பிப் போவது. அடுத்த வாரம் வேறு ஆட்களோடு வருவான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவனுக்குப் பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் காலையில் நான்தான் விசாரித்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். அவர்களில் சிலர் பேசிய மலாயில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியாத பாதியை நான் யாரிடமும் கேட்கவில்லை, புரிந்ததாகச் சொல்லிவிட்டேன். அவர்களுக்குப் போய்க் கூட்டிவர காஜா பெராங்கில் அண்ணன் இல்லாமல் இருக்கலாம். அந்தக் கரைக்குத் திரும்ப முடியாத காரணம் அவர்களில் எவருக்காவது இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை.

நேரம் இருந்தது. அதிகாரி பத்தடி தூரத்தில் நின்றார். அன்றைக்கு இரண்டாவது முறையாகப் போய், "துவான், இன்னும் கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தப்பை ஒத்துக்கொண்டது போதும் என்று நினைத்தேன். படகு ஆற்றுமுகத்தைத் தாண்டிப் போகிறவரைக்கும் நான் அங்கேயே நின்றேன். அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.